ஏஞ்சலோ, மாயா (1928–2014)

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர், கவிஞர். இயற்பெயர் மார்கரீட் ஜான்சன். மாயா என்பது தமையன் பெய்லி இட்ட செல்லப்பெயர். பெற்றோர் பிரிந்தபின் ஆர்கன்சா மாநிலத்து ஸ்டாம்ப்ஸ் என்னும் சிற்றூரில் பலசரக்குக் கடை நடத்திவந்த பாட்டியிடம் வளர்ந்த இவர், செயின்ட் லூயிஸ் நகரில் தாயிடம் அனுப்பப்பட்டிருந்த காலத்தில், ஏறத்தாழ எட்டுப் பிராயத்தில், தாயோடு வாழ்ந்த ஒருவனால் பலாத்காரத்துக்கு ஆளானார். நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்த அவன் விரைவிலேயே விடுதலையாகிக் கொலையுண்டுபோக, தான் வாய்திறந்து சொன்ன சொல்லே ஓர் உயிரைக் குடித்துவிட்டது என்று நம்பிய அக்குழந்தை, தமையனைத் தவிர வேறெவரோடும் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் பேசவில்லை. பாதகம் செய்தவன் வேறொருவனாயிருக்க, அதன் பாரத்தைப் பிள்ளையே சுமக்க நேர்வது இத்தகைய பால்யங்களின் மிகக் கொடிய அம்சம்.

பாட்டியிடம் திரும்பியபின் அம்மௌனம் கலையத் துணைநின்றவர் ஸ்டாம்ப்ஸில் வாழ்ந்த பெர்த்தா ஃபிளவர்ஸ் அம்மையார். கடைச் சாமான்களைச் சுமந்துவரச் சொல்லிச் சிறுமியைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்ற அவர், பேசும்படி எவரும் அவளை வற்புறுத்த முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அவளுக்கென்றே சுட்ட பிஸ்கோத்தும் எலுமிச்சைப் பானமும் தந்து, டிக்கன்ஸின் நாவலைச் சங்கீதம்போல் உரக்க வாசித்துக் காட்டி, புத்தகங்களை இரவல் கொடுத்து, கவிதையொன்றை மனனம் செய்து ஒப்பிக்குமாறு பணித்தார். அவ்வூரில் இதைவிட உயர்ந்த சிகிச்சை கிட்டியிராது.

1969இல் வெளியிட்ட முதல் சுயசரிதை நூலில் இவ்வனைத்தையும் மறைவின்றி எழுதினார். பள்ளிகளினின்று அந்நூலை விலக்கும் முயற்சிகள் பலமுறை எழுந்தமை வருந்தத்தக்கது. தனக்கு நேர்ந்ததற்குச் சொல்லின்றித் தவிக்கும் மாணவிக்கு அதுவே முதல் துணையாகக்கூடும். 1993இல் அதிபர் கிளின்டனின் பதவியேற்பு விழாவில் தம் கவிதையை வாசித்தார். தாயுடன் மீண்டும் வளர்ந்த பாசத்தை விவரிக்கும் ஏழாவது சுயசரிதை நூல் 2013இல் வெளிவந்தது.