மீண்டும் சேர்க்கலாமா?

சேந்தமங்கலத்துப் பெரியவர் ஒருவர், வயது 78. பெருங்குடலில் கட்டியை அறுத்தபின், மலம் வெளியேற வயிற்றில் துவாரமும் பையுமாக இருக்கிறார். "குடலைப் பழையபடி சேர்த்துவிடலாமா, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

இந்தச் சிகிச்சையை 1921-இல் வெளியிட்டவர் ஆன்ரி ஹார்ட்மன் என்ற பிரெஞ்சு டாக்டர். குடலை உடனே இணைத்துத் தைத்தால் தையல் விட்டுப்போய் நோயாளி மாண்டுபோவது அக்காலத்தில் சகஜம். ஆகவே மேல்முனையை வயிற்றில் திறந்துவிட்டு, கீழ்முனையைத் தைத்து மூடினார். உயிர் பிழைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. மறுபடி சேர்ப்பதைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை!

சேர்க்கும் வழக்கம் பின்னால் வந்தது. ஆனால் மீண்டும் வயிற்றைத் திறக்கவேண்டும். தையல் கசியலாம், சீழ் பிடிக்கலாம். முதியவர்களில் பலர் கடைசிவரை பையோடேயே வாழ்ந்துவிடுகிறார்கள். வயதைவிட, இதயமும் நுரையீரலும் தாங்குமா என்பதையே டாக்டர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

"நடமாட்டம் எப்படி?" என்றேன்.

"போன புரட்டாசியில் நைனாமலை பாதி ஏறினேன்."

"பையோடா?"

"பையோடுதான்."