சர் சி.வி. ராமன்: ஐந்தொகையில் அடங்காத கணக்கு

சர் சி.வி. ராமன் அறிவியல் பேராசிரியர் ஆவதற்கு முன்னால் கணக்கு உத்தியோகஸ்தர் என்பது பலருக்குத் தெரியாது. 1907ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தவர், சுமார் பத்து வருடம் நிதித்துறையில் இருந்தார். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில்தான் ஆராய்ச்சி. 1917ல் அந்தச் சம்பளத்தை உதறிவிட்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28ல் ராமன் விளைவு, 1930ல் நோபல் பரிசு, 1954ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21ல் காலமானார்.

ஒரே நிற ஒளியை ஒரு திரவத்துக்குள் செலுத்தினால், சிதறி வெளியே வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து உள்ளே இருக்கும் மூலக்கூறு எது என்று சொல்லிவிடலாம். மருந்தையும் ரத்தினக் கல்லையும் சோதிக்க இன்றும் இந்த முறை பயன்படுகிறது. இது வரவுப் பக்கம்.

இப்போது பற்றுப் பக்கம். 1933ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இந்திய இயக்குனராக ராமன் வந்தார். அதே வருடம் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்ற கமலா பாக்வத் (பின்னாளில் கமலா சோஹோனி) அங்கே விண்ணப்பித்தார். அவருடைய அப்பாவும் அப்பாவின் சகோதரரும் அங்கேயே படித்தவர்கள். ஆனால் பெண் என்ற ஒரே காரணத்தால் ராமன் மறுத்தார். கமலா விடவில்லை, நேரில் போய் வாதாடினார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் வருடம் சோதனைக் காலம். அவரால் ஆண்களின் கவனம் சிதறக்கூடாது!

ஒரு வருடம் கழித்து அவர் வேலையைப் பார்த்து ராமன் முழு அனுமதி கொடுத்தார். 1939ல் கமலா கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனாலும் அந்த அவமானத்தை வயதான பிறகும் அவர் மறக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார்.

இதை எடுத்துச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். "இவ்வளவு பெரிய மனுஷர், செத்த பிறகு இதையெல்லாம் கிளறலாமா?" என்பது ஒன்று. "அப்படிப்பட்டவரை ஏன் கொண்டாட வேண்டும்?" என்பது இன்னொன்று. இரண்டு பேருமே ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். வரவையும் பற்றையும் கழித்துக் கடைசியில் ஒரே ஒரு எண் வர வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

கோவில்பட்டி கமிஷன் மண்டி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். முதலாளி கோயில் திருப்பணிக்கு ஒரு லட்சம் கொடுக்கிறார். அதனால் விளாத்திகுளத்து விவசாயிக்குத் தர வேண்டிய உளுந்துப் பணம் அடைந்துவிடுமா? அடையாது. பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். அதே மாதிரி, உளுந்துப் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கொடுத்த நன்கொடை பொய்யாகிவிடாது. ராமன் உலகத்துக்குக் கொடுத்தது ஒரு பக்கம், கமலாவுக்குப் பட்ட பாக்கி வேறு பக்கம். ஒன்றை வைத்து இன்னொன்றை நேர் செய்ய முடியாது.

"அந்தக் காலம் அப்படி" என்பதும் முழுப் பதில் ஆகாது. அதற்கு 21 வருடம் முன்பே, 1912ல், முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டார். ராமனே பிறகு அன்னா மணி போன்ற பெண்களைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். மாற முடிந்த மனிதர்தான். அந்த மாற்றத்தையும் அவர் பெயரில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

இன்னொரு பக்கம் நம் ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்தது. கோவில்பட்டியிலிருந்து சாத்தூர், சிவகாசி, திருவில்லிபுத்தூர் என்று வடமேற்கே போனால் கரிசல் முடிந்து மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு வரும். 1898ல் கே.எஸ். கிருஷ்ணன் பிறந்தது அங்கேதான். 1928ல் அந்தச் சோதனைகளைச் செய்ததில் முக்கியமானவர் அவர். 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இரண்டு பெயரும் உண்டு. நோபல் பரிசோ ராமனுக்கு மட்டும். கிருஷ்ணன் பிறகு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குனர் ஆனார், 1961ல் மறைந்தார்.

ராமன் கிருஷ்ணனின் பெயரைக் கட்டுரையில் மறைக்கவில்லை. எனவே கிருஷ்ணனை மறந்த கடனை ராமன் தலையில் மட்டும் கட்ட முடியாது. பாடப்புத்தகம் படிப்பவர்கள், மேடையில் பேசுபவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

செத்தவரால் பாக்கியைக் கட்ட முடியாது. அதற்காக ராமன் படத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டாம். 1987லிருந்து ஒவ்வொரு பிப்ரவரி 28ஐயும் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்குப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் மேடை ஏறும் ஒரு பெண்பிள்ளை, ராமனோடு சேர்த்து வத்திராயிருப்பு கிருஷ்ணனையும், வாசலில் நிறுத்தப்பட்ட கமலாவையும் இரண்டு வரி பேசினால் போதும். ராமனின் பெருமை அதனால் ஒரு பைசா குறையாது.