செட்டாப் பாக்ஸை வீட்டு இணையத்துடன் இணைப்பது எப்படி? செலவு செய்யும் முன் அறிய வேண்டியவை

நகரி: மாடியில் டிஷ் ஆன்டெனா, கூடத்தில் வைஃபை ரூட்டர். சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில், ஆந்திர - தமிழ்நாடு எல்லையை ஒட்டி அமைந்துள்ள நகரி போன்ற ஊர்களில் இவ்விரண்டும் ஒரே வீட்டில் இருப்பது இன்று இயல்பாகிவிட்டது. விசைத்தறித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. அதனால் இரு மொழிச் சேனல்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் குடும்பங்கள் பல. இணையத்திற்குத் தனியாக மாதக் கட்டணம் செலுத்தும் நிலையில், செட்டாப் பாக்ஸையும் அதே இணையத்துடன் இணைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கையே. அவ்வாறு இணைப்பதால் கிடைப்பது எது, கிடைக்காதது எது, எப்படி இணைப்பது என்பதை இங்கே காண்போம்.

டிஷ் வழி வேறு, இணைய வழி வேறு

டிஷ் ஆன்டெனா ஒருவழிப் பாதை. பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிலைகொண்டுள்ள செயற்கைக்கோள், ஒரே நிகழ்ச்சியை நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறது. எத்தனை வீடுகள் பார்த்தாலும் அதன் தரம் குறையாது. பார்ப்பதற்கு இணையத் தரவும் செலவாகாது. ஆனால், பார்ப்பவர் திருப்பி எதையும் கேட்க முடியாது.

இணையம் இருவழிப் பாதை. நேற்றுத் தவறவிட்ட நிகழ்ச்சியைக் கேட்டால், அது அந்த ஒரு வீட்டுக்காகத் தனியே அனுப்பப்படும். யூடியூப், ஓடிடி செயலிகள், தவறவிட்ட நிகழ்ச்சிகளை மீண்டும் காணும் வசதி ஆகியவை இவ்வழியாகவே வருகின்றன.

ஆகவே, பெட்டியை இணையத்துடன் இணைத்தால் இரண்டாவதாக ஒரு வாசல் திறக்கிறது, டிஷ் தேவையற்றதாகிவிடுவதில்லை. நேரலைச் சேனல்கள் தொடர்ந்து டிஷ் வழியாகவே வரும். அவற்றுக்கான மாதச் சந்தாவும் குறையாது. கட்டணச் சேனல் எதுவும் இலவசமாகவும் மாறாது.

உங்கள் பெட்டியில் இந்த வசதி உள்ளதா?

முதலில் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். திருகிப் பொருத்தப்பட்டுள்ள வட்டமான இணைப்பு, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளுக்கு உரியது. தொலைக்காட்சிக்குச் செல்வது எச்டிஎம்ஐ. தொலைபேசி இணைப்பைவிடச் சற்று அகலமான சதுரத் துளை இருந்தால் அது ஈதர்நெட், அதாவது இணையக் கேபிளுக்கான இடம். அது இல்லாவிட்டாலும், பெட்டியின் அமைப்புகள் பகுதியில் வைஃபை என்ற தலைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இந்தியாவில் 2019-க்குப் பின் பரவலான ஆண்ட்ராய்டு வகை டிடிஎச் பெட்டிகளில் இவ்வசதி உள்ளே பொருத்தப்பட்டே வருகிறது. பழைய சாதாரண பெட்டிகள் பலவற்றில் இல்லை. பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் சேவைக்காகக் கடைகளில் விற்கப்படும் எம்பெக்-4 பெட்டிகள் சிலவற்றில் யுஎஸ்பி துளையில் சிறிய வைஃபை டாங்கிள் செருகி இணையம் பெறலாம். ஆனால் எல்லா டாங்கிளும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது. டாங்கிளின் உள்ளே இருக்கும் சிப்பைப் பெட்டியின் மென்பொருள் அறிந்திருக்க வேண்டும். எனவே வாங்கும் கடையிலேயே செருகிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இணைக்கும் முறை

1. பெட்டியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டிக்கவும். டிஷ் கேபிளில் பெட்டியிலிருந்து எல்என்பி கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் செல்கிறது. மின்சாரம் இருக்கும்போது அதைக் கழற்றினால் பெட்டி பழுதாகலாம். இணையம் இணைப்பதற்காக டிஷ் கேபிளைத் தொட வேண்டிய தேவையும் இல்லை.

2. ரூட்டர் அருகிலேயே இருந்தால் கேபிள் வழியே சிறந்தது. ரூட்டரில் லேன் என்று குறிக்கப்பட்ட துளைகளில் ஒன்றிலிருந்து பெட்டியின் ஈதர்நெட் துளைக்கு கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளைப் பொருத்தவும். 100 மீட்டர் வரை இது தடையின்றி இயங்கும்.

3. வைஃபை எனில், பெட்டியின் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று வீட்டு வைஃபையின் பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லை உள்ளிடவும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் எட்டும் தொலைவு குறைவு. சில பெட்டிகளுக்கு முதல் வகை மட்டுமே தெரியும். பட்டியலில் உங்கள் வைஃபை பெயர் தோன்றாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

4. ஐபி முகவரியைத் தானாகப் பெறும்படி விட்டுவிடவும். அது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் இணைப்பு சரி. 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து பெட்டிக்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டையும் அணைத்து, முதலில் ரூட்டரையும் பின்னர் பெட்டியையும் இயக்கவும்.

5. மென்பொருள் புதுப்பிப்பு வந்தால், முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்றும் பார்க்கவும். அவை தவறாக இருந்தால் பல செயலிகள் திறக்காது.

பழுது எங்கே என்று அறிவது

இரு வாசல்களும் தனித்தனியானவை என்பதால் பழுதைக் கண்டறிவது எளிது. செயலிகள் இயங்கி, சேனல்களில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று வந்தால் குறை டிஷ் பக்கம். சேனல்கள் தெளிவாக வந்து செயலிகள் மட்டும் திறக்காவிட்டால் குறை இணையப் பக்கம். அப்போது அதே வைஃபையில் கைபேசியை இணைத்துப் பாருங்கள். கைபேசியிலும் இணையம் வராவிட்டால் அழைக்க வேண்டியது இணையச் சேவையாளரை. டிடிஎச் நிறுவனத்தை அழைத்துக் காத்திருப்பதில் பயனில்லை.

நகரியைச் சுற்றியுள்ள மலைகள் சிக்னலை மறைக்கும் என்ற ஐயமும் வேண்டாம். டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ளது. நகரியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 67 பாகை உயரத்தில், அதாவது தலைக்கு மேலே பாதிக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. மறைப்பது பெரும்பாலும் வீட்டருகே வளர்ந்துவிட்ட மரமாகவோ புதிதாக எழும்பிய சுவராகவோ இருக்கும்.

வேகம் எவ்வளவு, தரவு எவ்வளவு?

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, முழு எச்டி தரத்தில் காண விநாடிக்கு 5 எம்பிபிஎஸ் வேகமும், 4கே தரத்திற்கு 15 எம்பிபிஎஸ் வேகமும் தேவை. தரவைப் பொறுத்தவரை சாதாரண தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரையும், எச்டியில் 3 ஜிபி வரையும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையும் செலவாகும்.

நாள்தோறும் இரண்டு மணி நேரம் எச்டியில் பார்க்கும் குடும்பத்திற்கு மாதத்திற்கு 180 ஜிபி வரை தேவைப்படலாம். ஃபைபர் இணைப்பில் இது பெரும் சுமையன்று. ஆனால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் பெட்டியை இணைப்பவருக்கு, நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டம் ஒரு படத்தின் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துபோகக்கூடும். அத்தகையோர் செயலிகளில் படத்தின் தரத்தைக் குறைத்து வைப்பது அவசியம்.

மழையும் மின்தடையும்

டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் கேயு அலைவரிசையைக் கனமழைத் துளிகள் உறிஞ்சிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படம் உறைந்து நிற்பதற்கு இதுவே காரணம். அந்த வேளையில் இணைய வாசல் கைகொடுக்கும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஓடிடி தளத்தில் தூர்தர்ஷன் சேனல்களை நேரலையாகக் காணலாம். புயல் எச்சரிக்கை நாள்களில் செய்தி கிடைக்க இது ஒரு மாற்று வழி.

எனினும் இதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரத்துடன் இணையமும் தடைப்பட்டது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் பகுதிகளில் ரூட்டருக்கென ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்ளலாம். தறி மோட்டார்கள் இயங்கும் வீடுகளில் பெட்டிக்கும் ரூட்டருக்கும் தனி மின் இணைப்பு இருப்பது நல்லது. இடி, மின்னல் நேரத்தில் மின் இணைப்பு, டிஷ் கேபிள், இணையக் கேபிள் மூன்றையுமே கழற்றி வைப்பது பாதுகாப்பு. இடி நெருங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

டிஷ் இல்லாத மாற்று வழி

ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கிவைத்த இத்திட்டத்தில் மின்கம்பங்கள் வழியாக ஃபைபர் கேபிள் கொண்டுசெல்லப்பட்டது. இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் ஒரே இழையில் தரப்பட்டன. தொடக்கத்தில் அடிப்படைத் திட்டத்தின் மாதக் கட்டணம் 149 ரூபாய்.

இவ்வகையில் டிஷ் தேவையில்லை. மழை படத்தை உறையவைப்பதும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் கேபிள் அறுந்தால் இணையம், தொலைக்காட்சி இரண்டுமே நின்றுவிடும். டிஷ்ஷும் இணையமும் தனித்தனியே உள்ள வீட்டில் ஒன்று நின்றாலும் மற்றொன்று இயங்கும்.

மலிவுப் பெட்டிகள்: எச்சரிக்கை தேவை

'ஒருமுறை வாங்கினால் போதும், எல்லாச் சேனலும் இலவசம்' என்று விற்கப்படும் பெயரறியாப் பெட்டிகளைத் தவிர்க்க வேண்டும். அவை காட்டுவது பெரும்பாலும் திருட்டு ஒளிபரப்பு. அதைவிடப் பெரிய அபாயம் உள்ளே இருக்கலாம். சுமார் 197 நாடுகளில் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள் 'வாய்ட்' என்ற தீநிரலால் பாதிக்கப்பட்டிருப்பதாக டாக்டர் வெப் நிறுவனம் 2024 செப்டம்பரில் தெரிவித்தது. விற்பனைக்கு வரும் முன்பே தீநிரல் புகுத்தப்பட்ட பெட்டிகள் குறித்து அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பு 2025 ஜூனில் எச்சரித்தது.

அத்தகைய பெட்டி, வங்கிக் கணக்கைக் கையாளும் கைபேசி இருக்கும் அதே வைஃபையில் இடம்பிடிக்கிறது என்பதை மறக்கலாகாது. நம்பகமான பெட்டியேயானாலும், இணையத்துடன் இணைந்தபின் நீங்கள் பார்ப்பதைப் பற்றிய தகவல்களைத் தன் நிறுவனத்திற்கு அனுப்ப இயலும். டிஷ் மட்டும் இருந்தவரை அதற்கு வழியில்லை. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைப் பார்த்து, தேவையற்ற அனுமதிகளை நீக்கலாம். ரூட்டரில் 'விருந்தினர் வைஃபை' வசதி இருந்தால் பெட்டியை அதில் இணைப்பது மேலும் பாதுகாப்பு.

பணம் கட்டும் முன்

உங்கள் தொலைக்காட்சியே ஸ்மார்ட் டிவியாக இருந்தால், அதை நேரடியாக வைஃபையுடன் இணைத்தாலே செயலிகள் கிடைத்துவிடும். அதற்காகப் புதிய செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டியதில்லை. பழைய தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால், அதில் செருகும் தரமான ஸ்டிக் கருவியும் இதே பணியைச் செய்யும்.

ஒரு டிடிஎச் நிறுவனத்தின் பெட்டி பொதுவாக மற்றொரு நிறுவனத்தின் சேவைக்குப் பயன்படாது என்பதையும் கருத வேண்டும். எந்தச் சேவைக்கும் பொருந்தும் பெட்டிகள் வேண்டும் என்று டிராய் அமைப்பு 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஆயினும், நிறுவனம் மாறும் வாடிக்கையாளர் பெட்டியையும் மாற்ற வேண்டிய நிலையே தொடர்கிறது. சேவையை மாற்றும் எண்ணம் இருந்தால், விலை கூடிய இணையப் பெட்டியில் பணம் போடும் முன் இருமுறை சிந்திக்கலாம்.

ஏற்கெனவே இணைய வசதியுள்ள பெட்டி வீட்டில் இருந்தால், அதை இணைக்கத் தேவைப்படுவது ஒரு கேபிளோ வைஃபை கடவுச்சொல்லோ மட்டுமே. அதற்கெனக் கட்டணம் கேட்டு யாரேனும் வந்தால், மேற்கண்ட ஐந்து படிகளை முதலில் நீங்களே செய்து பாருங்கள்.