கையறு நிலை

தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற சேவூர்ப் பெருமக்களே! "வீரனுக்குப் பெருந்துயரம் களத்திலே தோற்பதுதான்" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். நான் கேட்கிறேன், சண்டை போடவே வழியில்லாமல் நிற்கிறானே, அவன் துயரத்தை எந்தக் கணக்கிலே எழுதுவீங்க?

நம்ம பக்கத்துப் பாரதக் கூத்து பெரும்பாலும் படுகளத்தோடு முடிந்துவிடும். துரியோதனன் விழுந்தான், தீ மிதித்தோம், வீட்டுக்குப் போனோம். ஆனால் பதினெட்டுப் பருவத்திலே பதினாறாவது மௌசல பருவம். துவாரகையைக் கடல் விழுங்குகிறது. அர்ச்சுனனுக்கு அது தாய்மாமன் வீடு. பெண்டாட்டி சுபத்திரைக்குப் பிறந்த வீடு. மிச்சமிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறுகிறான். அலை மேல் அம்பு விட முடியுமா? போகிற வழியிலே கொள்ளைக்காரர்கள் மறிக்கிறார்கள். காண்டீவத்தில் நாண் ஏற்றவே திணறுகிறான். குருட்சேத்திரத்தை வென்ற கை ஐயா அது!

அது கதைதானே என்பீர்கள். சரி, பறம்புக்கு வாங்க. இன்றைக்குப் பிரான்மலை என்கிறார்களே, அந்த மலை. மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். பாரியிடம் இருந்தது முந்நூறு ஊர். அத்தனையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துத் தீர்ந்தது. ஒரு முழுநிலவுக்கும் அடுத்த முழுநிலவுக்கும் நடுவிலே அப்பனும் போனான், மலையும் போனது. அந்தப் பெண்கள் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஐந்தே அடி. திட்டு இல்லை, சாபம் இல்லை. கண்ணகியாவது மதுரையை எரித்தாள். இவர்களுக்கு எரிக்கவும் ஊர் இல்லை.

இந்த நிலைக்குத் தொல்காப்பியரே பெயர் வைத்திருக்கிறார்: கையறு நிலை. இறந்தவரை நினைத்து மிஞ்சியவர் புலம்புவது. கை இருக்கும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தோற்றவனுக்கு இலக்கணம் எழுதுவது எளிது. மிஞ்சியவனுக்கும் எழுதியது தமிழ்.

கபிலர் என்ன செய்தார்? வாளெடுக்கவில்லை. அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். ஏற்க மறுத்துவிட்டார்கள். பார்ப்பாரிடம் ஒப்படைத்து வடக்கிருந்தார் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டு. எது சரி என்று புலவர்கள் சண்டை போடட்டும். இங்கிருந்து திருவண்ணாமலையைத் தாண்டிப் போனால் திருக்கோவலூர்தான். தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவிலே ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்று பெயர். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.