'ஏனையோர்' என்ற ஒற்றை வரி: ஜனாதிபதித் தேர்தல்களும் செய்தியில் விடுபட்டவர்களும்

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் போனவர்களின் கையில் கிடைத்த வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. அன்று உயிரோடு இருந்தவர்கள் 38 பேர்தான். சுயேச்சையாக நின்ற ஐதுரூஸ் முஹம்மது இல்யாஸ், வேட்புமனு ஏற்கப்பட்டு ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 22ஆம் திகதி வபாத்தாகிவிட்டார். அவரது பெயரும் சின்னமும் மட்டும் சீட்டில் தங்கிவிட்டன.

இப்படியொருவர் போட்டியிடுகிறார் என்பதையே எங்களில் பலர் அந்த ஜனாஸாச் செய்தியில்தான் அறிந்துகொண்டோம். "ஆரு இவர்? எந்த ஊர் ஆள்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். நாட்டின் தலைமைப் பதவிக்கு நான்கு தடவை போட்டியிட்ட ஒருவரைப் பற்றி எங்கட ஆக்களே இப்படிக் கேட்க வேண்டி வந்தது ஏன்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது.

இல்யாஸ் ஒரு மருத்துவர், யாழ்ப்பாணத்து முஸ்லிம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கிலிருந்து துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர்; அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். நான்கு வருடம் கழித்து வந்த 1994 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக் குழுவுக்குப் போயின. மீதி ஒன்று ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்குக் கிடைத்தது. ஊரை இழந்த ஒரு சமூகத்துக்கு அந்த ஊரின் பெயரிலேயே கிடைத்த ஆசனம் அது. அதில் அமர்ந்தவர்தான் இல்யாஸ்.

பின்னாளில் அவர் சுயேச்சையாக நிற்க முடிந்ததும் அந்த ஆசனத்தால்தான். 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் நியமனம் இல்லாதவர் போட்டியிட வேண்டுமானால், அவர் சட்டமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினராக இருக்கவேண்டும். அல்லது முன்பு இருந்திருக்கவேண்டும். கட்சி வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 50,000 ரூபா, மற்றவருக்கு 75,000 ரூபா. எட்டில் ஒரு பங்கு வாக்குக்குக் குறைந்தால் அது பறிமுதலாகும். ஆகவே சீட்டில் சுயேச்சையாக ஒரு பெயரைக் கண்டால், அவர் ஒரு காலத்தில் மக்களால் தெரிவுசெய்யப்பட்டவர் என்று அர்த்தம். அவர் எப்போது, எந்த மக்களால் அனுப்பப்பட்டார் என்பதைச் சொல்ல ஒரு பத்திரிகைக்கு ஐந்து வரி போதும். அந்த ஐந்து வரிதான் கிடைப்பதில்லை.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1982இல் 6 வேட்பாளர்கள், 1988இல் 3, 1994இல் 6. ஆறு பேரென்றால் ஆறு பேரைப் பற்றியும் எழுதலாம். 1999இலும் 2005இலும் 13 பேர், 2010இல் 22, 2015இல் 19, 2019இல் 35, 2024இல் 39. எண்ணிக்கை கூடக் கூடச் செய்தி சுருங்கியது. வேட்புமனுத் தினத்தில் பெயரும் சின்னமும் கொண்ட பட்டியல் ஒன்று. பெறுபேற்று நாளில் 'ஏனையோர்' என்ற ஒற்றை வரி. இடையில் உள்ள ஒரு மாதத்தில் இரண்டு மூன்று பேரின் மேடைகள் மட்டும்.

அரச வானொலியிலும் ரூபவாஹினியிலும் எல்லா வேட்பாளருக்கும் இலவசமாக நேரம் ஒதுக்கப்படுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நேரம் கொடுப்பது வேறு, கேள்வி கேட்பது வேறு. வேட்பாளர் கமராவைப் பார்த்துத் தான் விரும்பியதைப் பேசிவிட்டுப் போகிறார். "ஏன் நிற்கிறீர்கள்? செலவுக்குக் காசு எங்கிருந்து?" என்று கேட்க எதிரில் ஒரு பத்திரிகையாளர் இல்லை.

கேட்காததன் விளைவுதான் 'டம்மி வேட்பாளர்' என்ற சொல். பெரிய வேட்பாளருக்காகவே சிலர் நிறுத்தப்படுகிறார்கள், ஒலிபரப்பு நேரமும் வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர் இடமும்தான் நோக்கம் என்ற குற்றச்சாட்டு 2019இல் தேர்தல்கள் ஆணைக்குழு மட்டத்திலேயே பேசப்பட்டது. அப்படியானவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் யாரிடமும் எதுவும் கேட்காத ஊடகத்தால் பினாமியையும் கொள்கைக்காக நின்றவரையும் பிரித்தறிய முடியாது. ஆகவே தேநீர்க் கடையில் எல்லாரைப் பற்றியும் ஒரே பேச்சு: "காசு வாங்கிட்டுத்தான் நிக்கிறார்." மௌனம் இங்கே பினாமிக்குப் போர்வையாகவும் உண்மையானவருக்குப் பழியாகவும் ஆகிறது.

வாக்காளருக்கும் இதில் இழப்பு உண்டு. 2015இல் மூன்றாம் இடத்துக்கு வந்தவர் ரத்நாயக்க ஆரச்சிகே சிறிசேன. பெற்ற வாக்கு 18,174. நான்காம் இடம் நாமல் அஜித் ராஜபக்ஷவுக்கு. முதல் இரண்டு இடங்களிலும் அதே சிறிசேனவும் ராஜபக்ஷவும். இந்த வாக்குகளில் எத்தனை விரும்பி விழுந்தவை, எத்தனை பெயர் மயக்கத்தில் விழுந்தவை? வேட்பாளர்களை முன்கூட்டியே முகம் காட்டி அறிமுகப்படுத்தியிருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக எழுந்திருக்காது.

தேசிய மொத்தத்தை மட்டும் பார்க்கும் பழக்கமும் உண்மையை மறைக்கிறது. 1982இல் குமார் பொன்னம்பலம் நாடளவில் பெற்றது 3 சதவீதத்துக்கும் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்திலோ அவரே முதலாமவர். அவரைச் சிறிய வேட்பாளர் என்று தள்ளியிருந்தால் வடக்கின் மனநிலையையே தவறவிட்டிருப்போம்.

இதே அளவுகோலை எங்கட பக்கம் திருப்பிப் பார்ப்போம். 1999இல் அப்துல் ரசூல், ஸ்ரீலங்கா முஸ்லிம் கட்சியில் நின்றார். 2010இல் 22 பேரில் மூன்றாம் இடத்துக்கு வந்தவர் எம்.சி.எம். இஸ்மாயில், 39,226 வாக்குகள். 2015இல் மௌலவி இப்ராஹிம் மிஷ்லார் 14,379, இல்யாஸ் 10,618. 2019இல் ஹிஸ்புல்லாஹ் 38,814. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்திய அந்த வருடத்தில் ஹிஸ்புல்லாஹ்வைப் பற்றி மட்டும் ஊடகங்கள் நிறையவே பேசின. மற்றவர்களுக்கு வாக்களித்த ஆயிரக்கணக்கானோர் யார், எந்த ஊரார், என்ன சொல்ல விரும்பினார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரையை எங்கட பத்திரிகைகளிலும் நான் கண்டதில்லை. சிங்கள, ஆங்கில ஊடகங்களைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நீதி.

அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு மிஞ்சுவது என்ன? ஒரு பெயரும் ஓர் எண்ணும். அந்தப் பெயரும் சரியாக இல்லை. இல்யாஸின் பெயர் 2010 ஆங்கிலப் பெறுபேற்றில் ஒரு விதமாகவும் 2015இல் வேறு விதமாகவும் எழுத்துக்கூட்டப்பட்டிருக்கிறது. விவரம் தெரியாதவர் இரண்டு ஆட்கள் என்றே எழுதிவிடுவார்.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. துண்டுப்பிரசுரங்களும் விஞ்ஞாபனங்களும் குடும்பத்தாரின் அலுமாரிகளில் இன்னும் கிடக்கும். அவற்றைச் சேகரித்து நூலகங்களில் வைக்கலாம். அரச வானொலியில் ஒலித்த தேர்தல் உரைகளின் பதிவுகளைத் தேடிக் கேட்கலாம். உயிரோடு உள்ள வேட்பாளர்களை, அவர்களுடன் உடன்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நேரில் கண்டு கேட்டு எழுதலாம். உள்ளூர்ப் பத்திரிகைகள் அடுத்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஐந்து வரி ஒதுக்கினாலே பெரிய காரியம்.

சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு, அந்த ஊரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் போய், பிறகு வெல்ல முடியாது என்று தெரிந்தும் ஜனாதிபதித் தேர்தலில் மீண்டும் மீண்டும் நின்றவர் இல்யாஸ். ஏன் நின்றீர்கள் என்று அவரிடம் கேட்க எங்களுக்கு 14 வருடங்கள் இருந்தன. அந்தப் பதிலை அவர் எங்காவது எழுதியோ யாரிடமாவது சொல்லியோ வைத்திருந்தால், அதைத் தேடிப் பதிவுசெய்வது எங்கள் கடமை. அல்லாஹ் அவரது பிழைகளை மன்னிப்பானாக.