கல்லறையும் அரியணையும்: தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் திருவழிபாட்டு ஆண்டின் நிறைவு

முன்னுரை

சனவரியில் தொடங்கும் பொது நாட்காட்டியோடு கத்தோலிக்கத் திருச்சபை தனக்கென ஓர் ஆண்டுக் கணக்கையும் கொண்டுள்ளது. இலத்தீன் வழிபாட்டு மரபில் நவம்பர் 27 முதல் திசம்பர் 3 வரையிலான நாட்களுள் வரும் ஞாயிறு, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாகும். அதுவே திருவழிபாட்டு ஆண்டின் தலைநாள். அதற்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அதனைத் தொடரும் 34ஆம் வாரத்தோடு ஆண்டு நிறைவடைகிறது.

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் இந்த ஆண்டிறுதி இரண்டு இடங்களில் நிகழ்கிறது. நவம்பர் 2இல் மக்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடுகின்றனர். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின்னர் அரசர் விழாவுக்காக ஆலயத்திலும் தெருவிலும் கூடுகின்றனர். முன்னது ஆயிரம் ஆண்டுத் தொன்மை உடையது. பின்னது 1925இல் தோன்றியது. இவ்விரண்டும் ஒரே திங்களுள் அமைந்த வரலாற்றையும், இவற்றைத் தமிழ்ச் சொற்கள் ஏற்றுக்கொண்ட முறையையும், இவற்றின் இணைப்பு பங்குச் சமூகத்தின்முன் வைக்கும் வினாவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறந்தோர் திங்கள்

இறந்த விசுவாசிகள் அனைவரையும் நவம்பர் 2இல் நினைவுகூரும் வழக்கம், பிரான்சு நாட்டுக் குளுனி மடத்தின் தலைவர் ஒடிலோ என்பவரால் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மடத்தைச் சார்ந்த துறவியரிடையே நிலைநிறுத்தப்பட்டது. பின்னர் அது மேலைத் திருச்சபை முழுவதற்கும் பரவியது. முதல் உலகப்போரில் மாண்டோர் பெருகிய 1915ஆம் ஆண்டில், அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் எனத் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் இசைவளித்தார். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைகளைச் சந்தித்து இறந்தோருக்காக வேண்டுவோர், அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கத்தக்க நிறைபலன் பெறுவர் என்பது திருச்சபையின் ஒழுங்கு.

தமிழகத்தில் இந்நாள் 'கல்லறைத் திருநாள்' என்றே பெரிதும் வழங்கப்படுகிறது. திருச்சபை இறந்தோரின் ஆன்மாவை முன்னிறுத்திப் பெயரிட, தமிழ் மக்கள் இடத்தை முன்னிறுத்திப் பெயரிட்டுள்ளனர். ஐப்பசி மழையில் புல் மண்டிய கல்லறைகளைச் சில நாள் முன்னரே செதுக்கிச் சுண்ணாம்பு பூசுகின்றனர். அன்று மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றி, சாம்பிராணி இடுகின்றனர். குரு திருப்பலி நிறைவேற்றிய பின்னர்க் கல்லறை வரிசைகளூடே சென்று தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். பிழைப்பின் பொருட்டு வேற்றூர் சென்றவர்களும் அன்று சொந்த ஊர் திரும்ப முயல்வர். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் பெயர்களைத் திருப்பலியில் வாசிக்கும் வழக்கமும் பல பங்குகளில் உண்டு. அப்பெயர்களே அவ்வாண்டில் பங்கு இழந்தவற்றின் கணக்கு. நாட்காட்டியின் நுட்பம் அறியாதவர்க்கும் ஆண்டு முடிகிறது என்பதை முதலில் உணர்த்துவது இந்நாள் எனலாம்.

தீர்ப்பு நாளாக ஆண்டிறுதி

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழங்கிய நாட்காட்டியில், பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் கடைசி ஞாயிறே ஆண்டின் இறுதி ஞாயிறாகும். அன்று மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்திலிருந்து எருசலேமின் அழிவும் உலக முடிவும் பற்றிய பகுதி வாசிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு, புத்தாண்டின் முதல் வாசகமாக, லூக்கா நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்திலிருந்து கதிரவனிலும் நிலவிலும் தோன்றும் அடையாளங்கள் பற்றிய பகுதி அமைந்தது. எனவே அச்சத்துக்குரிய காட்சியோடு முடிந்த ஆண்டு அத்தகைய காட்சியோடே மீண்டும் தொடங்கியது.

தீர்ப்பு நாளைப் பாடும் இலத்தீன் பாடலான 'தியெஸ் ஈரே' இறந்தோர் திருப்பலியில் இடம்பெற்றிருந்தது. 1970இல் வெளியான புதிய திருப்பலி நூலில் அதற்கு அங்கே இடமில்லை. ஆயினும் அது முற்றிலும் கைவிடப்படவில்லை. இலத்தீன் திருப்புகழ்மாலையில் ஆண்டின் 34ஆம் வாரத்துக்குரிய பாடலாக அது சேர்க்கப்பட்டது. தனிமனிதரின் சாவுக்குப் பாடப்பட்டது ஆண்டின் சாவுக்குரியதாக மாறிய இவ்விடமாற்றம் நோக்கத்தக்கது. இறந்தவரின் அடக்கத்தில் அச்சத்தைத் தணித்து உயிர்ப்பின் நம்பிக்கையை முன்வைக்க விரும்பிய சீர்திருத்தம், தீர்ப்பு என்னும் கருத்தை ஆண்டிறுதிக்கு உரியதாக நிறுத்திக்கொண்டது.

அரசர் விழாவின் தோற்றமும் இடமாற்றமும்

கிறிஸ்து அரசர் விழாவைத் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1925 திசம்பர் 11இல் 'குவாஸ் பிரீமாஸ்' என்னும் சுற்றுமடலின் வழி ஏற்படுத்தினார். 1917, 1918ஆம் ஆண்டுகளில் உருசியா, செருமனி, ஆத்திரியா ஆகிய நாடுகளின் முடியாட்சிகள் வீழ்ந்திருந்தன. இத்தாலியில் பாசிச ஆட்சி வேரூன்றிக்கொண்டிருந்தது. பொதுவாழ்விலிருந்து கடவுளை விலக்கும் போக்கே அக்காலத்தின் நோய் என அம்மடல் கருதியது. அதற்கு மருந்தாக அறிவுரையைக் காட்டிலும் ஆண்டுதோறும் வரும் திருவிழாவே மக்களைச் சென்றடையும் என்றும் அது கருதியது. மனித குலத்தை இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கும் மன்றாட்டை ஆண்டுதோறும் அந்நாளில் புதுப்பிக்கவும் பணித்தது.

அவ்விழா முதலில் அக்டோபரின் கடைசி ஞாயிறன்று, புனிதர் அனைவர் விழாவுக்கு முன்னதாக வைக்கப்பட்டது. எனவே பங்கு மக்கள் முதலில் அரசரையும் பின்னர்ப் புனிதரையும் இறந்தோரையும் கொண்டாடினர். 1969இல் வெளியிடப்பட்டு 1970 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய நாட்காட்டி, அரசர் விழாவை ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கு மாற்றியது. அதனால் வரிசை தலைகீழாயிற்று. இப்போது மக்கள் கல்லறையிலிருந்து புறப்பட்டு அரசரிடம் வந்து சேர்கின்றனர்.

மூவாண்டு வாசக ஒழுங்கு இம்மாற்றத்தின் பொருளை மேலும் தெளிவாக்கிற்று. முதலாம் ஆண்டில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சி வாசிக்கப்படுகிறது. பசித்தோர், தாகமுற்றோர், அன்னியர், ஆடையற்றோர், நோயுற்றோர், சிறைப்பட்டோர் ஆகியோருக்குச் செய்ததும் செய்யாததுமே அரசரின் அளவுகோல் என்பது அதன் கருத்து. இரண்டாம் ஆண்டில் பிலாத்துவின்முன் கைதியாக நிற்கும் இயேசுவும், மூன்றாம் ஆண்டில் சிலுவையில் கள்வனின் மன்றாட்டை ஏற்கும் இயேசுவும் காட்டப்படுகின்றனர். 1925இல் நாடுகளின் மீதான ஆட்சியுரிமையை வலியுறுத்தப் பிறந்த விழா, புதிய வாசகங்களால் எளியோரிடம் மறைந்திருக்கும் அரசரின் விழாவாயிற்று.

இறந்தோர் நினைவும் ஆண்டிறுதியும் இணைவது எல்லா மரபுக்கும் பொதுவன்று. கேரளத்தில் தழைத்த சீரோ மலபார் வழிபாட்டு மரபில் ஆண்டு, திருச்சபையின் அர்ப்பணிப்பைக் கொண்டாடும் காலத்தோடு முடிகிறது. இறந்தோரின் நினைவு தனஹா காலத்தின் கடைசி வெள்ளியன்று, பெரிய நோன்புக்கு முன்னர் வருகிறது. ஆதலின் கல்லறையும் அரியணையும் ஒரே திங்களுள் அமைவது இலத்தீன் மரபின் வரலாற்றால் விளைந்த தனித்தன்மையாகும்.

சொற்களின் வரலாறு

இவ்வழிபாடுகளின் மாற்றத்தைத் தமிழ்ச் சொற்களும் பதிவு செய்துள்ளன. பழைய செப நூல்களில் இறந்தோர் 'உத்தரிக்கிற ஆத்துமாக்கள்' எனப்பட்டனர். அவர்கள் இருக்கும் இடம் 'உத்தரிக்கிற ஸ்தலம்' எனப்பட்டது. பட்ட கடனைத் துன்புற்றுத் தீர்த்தல் என்னும் பொருள் அவ்வினையில் உறைந்துள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்த பின்னர், சர்வேசுரன் என்பது இறைவன், கடவுள் எனவும், பூசை என்பது திருப்பலி எனவும், ஆத்துமா என்பது ஆன்மா எனவும் மாறின. 'கிறிஸ்து இராசா' என்ற வழக்கும் 'கிறிஸ்து அரசர்' என்றாயிற்று. ஆயினும் முதியோர் வாயில் 'உத்தரிக்கிற ஆத்துமா' எளிதில் மறையவில்லை. புதிய தொடர்கள் இளைப்பாற்றியைப் பேசுகின்றன. பழைய சொல்லோ இறந்தவருக்காக இருப்பவர் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று உண்டு என்பதை உணர்த்துகிறது.

மறுபுறம், அரசர் என்னும் சொல் தமிழில் வேற்றுப்பொருளாக நுழையவில்லை. இறைவன் என்பதற்கே பண்டைத் தமிழில் அரசன் என்னும் பொருள் உண்டு. திருக்குறளின் 39ஆம் அதிகாரமான 'இறைமாட்சி' அரசனின் பெருமையைக் கூறுவது. கோயில் என்பது அரசன் உறையும் இல்லத்தையும் குறித்தது. அரசியல் அமைப்பின் 26ஆம் திருத்தம் 1971இல் இந்திய மன்னர்களின் மானியத்தையும் ஏற்பையும் நீக்கிய அதே காலப்பகுதியில், பங்குகள் கிறிஸ்து அரசரைத் தூய தமிழில் வாழ்த்தத் தொடங்கின. ஆட்சியில் மறைந்த சொல் வழிபாட்டில் நிலைத்தது. தமிழ் அறநூல்கள் அரசனை அளந்த முறையும் இங்கு எண்ணத்தக்கது. அணுகுதற்கு எளியவனாய், முறையிட வருவோருக்குச் செவிகொடுப்பவனாய் இருத்தலே அவற்றின்படி அரசனின் மாண்பு. முதலாம் ஆண்டு வாசகம் கூறும் அரசரைத் தமிழ் வாசகர் இம்மரபின் வழியே எளிதில் உணர இயலும்.

சுவரும் ஆட்சியும்

கல்லறையிலிருந்து அரியணைக்குச் செல்லும் இவ்வழியில் சாதியின் சுவர் குறுக்கிட்டதையும் வரலாறு காட்டுகிறது. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரு கூடங்கள் வந்து சேருமாறு அமைக்கப்பட்டது. ஒரு கூடத்தார் மற்றவரோடு கலவாமல் ஒரே பூசையைக் காண்பதற்கான ஏற்பாடு அது. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டது. அதனை எதிர்த்தோர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் வெற்றி பெறவில்லை.

ஆலயத்துள் தடுப்பு நீங்கிய பின்னரும் கல்லறைத் தோட்டங்களில் பிரிவினை தொடர்ந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1982இல் திருச்சிராப்பள்ளியில் கூடியபோது, சாதிக்குக் கிறித்தவத்தில் இடமில்லை என அறிவித்தது. தமிழக ஆயர்களை 2003 நவம்பர் 17இல் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், சாதி வேற்றுமை உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என எச்சரித்தார். ஆண்டிறுதித் திங்களில், கல்லறைத் திருநாளுக்கும் அரசர் விழாவுக்கும் இடையே அவ்வுரை நிகழ்ந்தது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் கத்தோலிக்கர்களுக்கிடையே எழுந்த சாதிப் பூசலைத் தொடர்ந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாதியின்பேரில் பிரித்த சுவருக்கு எதிராக 2010இல் போராட்டம் நிகழ்ந்து, சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 2016 திசம்பரில் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் நிலவுவதை ஒப்புக்கொண்டது.

இந்நிகழ்ச்சிகள் வழிபாட்டு வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. நவம்பர் 2இல் குரு தெளிக்கும் தீர்த்தம் சுவரின் இருபுறமும் விழுகிறது. இறந்தோருக்கான மன்றாட்டு ஒன்றே. எனினும் சுவர் இருக்கும் இடத்தில் அம்மன்றாட்டில் வரும் 'அனைவர்' என்னும் சொல் பொருளிழக்கிறது. அரசர் விழாவன்று நற்கருணைப் பவனி எந்தத் தெரு வழியே செல்கிறது, எந்தத் தெருவைத் தவிர்க்கிறது என்பதும் இத்தகைய வினாவே. அரசரின் எல்லை எதுவரை என்பதைப் பவனியின் வழித்தடமே ஊருக்கு அறிவிக்கிறது.

முடிவுரை

திருவழிபாட்டு ஆண்டின் நிறைவு, தமிழகப் பங்குகளில் இறந்தோர் நினைவாலும் அரசர் விழாவாலும் உருவானது. 1970 முதல் நடைமுறைக்கு வந்த நாட்காட்டி, அரசரைக் கல்லறைக்குப் பின் வைத்ததன்மூலம் இரண்டையும் பொருள் தொடர்புடையனவாக ஆக்கியது. 'உத்தரித்தல்' என்னும் பழஞ்சொல் கடனை நினைவூட்டுகிறது; 'இறைமாட்சி' என்னும் தமிழ்க் கருத்து அரசரை அளக்கும் கோலைத் தருகிறது. சாவில் ஒருவரையொருவர் விலக்கிய சமூகம் மூன்று வாரங்களில் ஒரே அரசரின் குடிகளாகத் தன்னை அறிவித்துக்கொள்ளுமாயின், அவ்வறிவிப்பு எத்துணை உண்மையானது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை ஆண்டுதோறும் தவறாமல் எழுப்புவது திருச்சபையின் நாட்காட்டியே. அதற்கான விடை கல்லறைத் தோட்டத்தின் அமைப்பிலும் பவனி செல்லும் தெருவிலும் காணப்படவேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.