ஒரு நட்சத்திரம் கிழிபட்ட வரலாறு

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. அவ்வாண்டிலேயே யாழ். குடாநாட்டின் மின்சாரமும் நின்றுபோயிற்று. சண்டிலிப்பாயில் ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்துவிட்டு முற்றத்திற்கு வந்தால் பால்வீதி வெறுங்கண்ணுக்கே துலக்கமாய்த் தெரியும். அதே ஜூன் முதலாந் திகதி றோசாற் என்ற ஜேர்மனியச் செய்மதி விண்ணுக்கு ஏறியிருந்ததை நாம் அறியோம். எக்ஸ் கதிர்கள் வளிமண்டலத்தைக் கடந்து தரைக்கு வருவதில்லை. அவற்றைக் காண மேலேதான் போகவேண்டும்.

1992 இல் அச்செய்மதி, ஏறத்தாழ 70 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், சாதுவான ஒரு நட்சத்திர மண்டலத்தின் நடுவில் பெரும் எக்ஸ் கதிர் வீச்சொன்றைப் பதிந்தது. அது எதனால் வந்தது?

கருந்துளையை நெருங்கும் நட்சத்திரத்தின் அண்மைப் பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுபடும். கடலில் வற்றையும் பெருக்கையும் உண்டாக்கும் அதே விசைதான். அவ்விழுப்பு நட்சத்திரத்தின் சொந்த ஈர்ப்பை வெல்லுமிடத்தில் அது கிழியும். சிதறியதில் ஏறக்குறையப் பாதி வெளியே வீசப்படும். மீதி திரும்பி வந்து விழுகையில் இலட்சக்கணக்கான பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிரைச் சொரியும். வரத்துக் குறையக் குறைய வெளிச்சமும் மங்கும். 1988 இல் மார்ட்டின் றீஸ் இதனை விளக்கி எழுதியிருந்தார். ஆகவே சான்று மங்கலில்தான் இருந்தது. 2001 இல் சந்திரா தொலைநோக்கி அதே இடத்தைப் பார்த்தபோது வீச்சு ஏறத்தாழ 200 மடங்கு குறைந்திருந்தது. ஸ்ரெபானி கொமோசா குழுவினர் 2004 பெப்ரவரியில் முடிவை வெளியிட்டனர்.

1999 இல் ஏவப்பட்ட அத்தொலைநோக்கி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. 1935 இல் எடிங்டன் சபையில் வைத்து எள்ளிய அதே தமிழர்தான். அருகிலுள்ள பொருளின் இழுவையால் நீளும் திரவக் கோளங்களின் கணிதத்தையும் 1960களில் அவர் செப்பனிட்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1995 ஓகஸ்ட் 21 இல் அவர் மறைந்த செய்தியைச் சைக்கிள் டைனமோவில் இயங்கிய வானொலியிற் கேட்டு, கொப்பித்தாளில் அச்சான பத்திரிகையில் நான்கு வரி போட்டோம். ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்தப் பத்திரிகைக் கட்டுகள் தொலைந்தன. இன்று தேடினாலும் என்னிடம் ஒரு பிரதியில்லை.

றோசாற்றின் பதிவு மட்டும் ஒன்பதாண்டு கழித்தும் ஒப்பிடக் கிடைத்தது. 2014 நவம்பரில் 29 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இன்னொரு நட்சத்திரம் கிழிபட்டது கண்டறியப்பட்டது. தீரஜ் பாஷம் குழுவினர் சேமித்து வைக்கப்பட்ட பதிவுகளைக் கிளறி, அதன் எக்ஸ் கதிர் 131 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதையும் அது 450 நாள்களுக்கு நீடித்ததையும் 2019 இல் அறிவித்தனர். அந்தக் கருந்துளை ஒளிவேகத்தின் பாதிக்குக் குறையாமற் சுழல்கிறதென்ற கணிப்பு அத்துடிப்பிலிருந்தே பெறப்பட்டது.